மலைக்கு அந்தப்பக்கத்து வீடு

முருங்கைக்காய்த் துண்டுகள் ஒரே நீளத்தில் இல்லை என்று தனபாலன் மதியச் சாப்பாட்டின்போது மனைவிக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்த வேளையில்தான், வீட்டுக்காரர் வாசலில் வந்து நின்று வீட்டைக் காலி செய்து தரச் சொன்னார். மகனுக்குக் கல்யாணமாம்.

பிசைந்த சோறு தனபாலன் கையிலேயே நின்றுவிட்டது.

பயான் லெப்பாஸில் அவன் வேலை செய்த ஃபேக்டரிக்கும் இந்த வாடகை வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சிக்னல். மதியம் வீட்டுக்கு வந்து, சுடச்சுடச் சாப்பிட்டு, சாப்பிட்டதில் இருந்த குறைகளை விளக்கிவிட்டு, சாவகாசமாகத் திரும்பிப் போகலாம். பினாங்குத் தீவில் இப்படி ஒரு வாழ்வு எத்தனை பேருக்கு வாய்க்கும்? அக்கரையிலிருந்து கடல் பாலம் தாண்டி வேலைக்கு வருகிற சகாக்கள் அவனைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். அவர்களில் சிலருக்குத் தங்கள் பிள்ளைகளைத் தூங்குகிற கோலத்தில் மட்டும்தான் அடையாளம் தெரியும்.

தனபாலன் செய்வது தரப் பரிசோதனை. பொடிப்பொடியான மின்னணுச் சில்லுகளைப் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, தேறுவது, தேறாதது என்று பிரிக்க வேண்டும். பூதக்கண்ணாடியை ஃபேக்டரியிலேயே வைத்துவிட்டுத்தான் வருவான். கண்ணை அப்படிக் கழற்றி வைத்துவிட்டு வர முடியாதல்லவா? தோசையின் வட்டம், வாசலில் செருப்புகளின் மூக்கு பார்க்கிற திசை, மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் லோஷினியின் எழுத்து எந்தப் பக்கம் சாய்கிறது, எல்லாம் அதில் விழும்.

"குறை சொல்றேன்னு நெனைக்காத, கோகிலா. என் கண்ணுல பட்டுடுது."

"படுதுங்க" என்பாள் கோகிலவாணி.

இனி வாடகை வேண்டாம், சொந்தமாகவே வாங்கிவிடுவது என்று முடிவானது. வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் ஃபேக்டரியைப் பார்வையிட வந்திருந்த நேரம். தனபாலனால் நகர முடியவில்லை. முதல் சுற்று வீடு பார்க்கும் பொறுப்பைக் கோகிலாவிடம் ஒப்படைத்தான், ஒரு நிபந்தனையோடு.

"விளக்கு வைக்கிற நேரத்துக்கு நான் வீட்டுல இருக்கணும். அதுதான் முக்கியம். முதல்ல ரோட்டப் பாரு, ஜாமப் பாரு. டைல்ஸெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்."

"சரிங்க. ரோடு பாத்துதான் வாங்கணும்."

"நான் இல்லாத வீடு எப்படி இருக்கும்னு கொஞ்சம் யோசிச்சிப் பாரு."

"யோசிச்சிப் பாத்துட்டேங்க."

தரகர் சியாவோடு பத்து நாள் சுற்றிவிட்டு மூன்று வீடுகளின் விவரத்தோடு வந்தாள் கோகிலா. ஒன்று பட்டர்வொர்த்தில். மற்றொன்று ஆயிர் ஈத்தாம் சந்தைக்குப் பின்னால். மூன்றாவது, மலைக்கு அந்தப்பக்கம் பாலிக் புலாவில்.

"பயான் லெப்பாஸ்ல ஒண்ணும் இல்லையா?"

"கேட்டேங்க. நம்ம கைக்கு எட்டாது."

தனபாலன் மூன்றையும் அலசி ஆராய்ந்தான். பட்டர்வொர்த் என்றால் பாலம். பாலத்தில் ஒரு லாரிக்குத் தும்மல் வந்தால் போதும், ஊரே நின்றுவிடும். ஆயிர் ஈத்தாமில் காலைச் சந்தைக் கூட்டத்தைத் தாண்டுவதற்குள் ஆயுளில் பாதி போய்விடும். பாலிக் புலாவ்? வரைபடத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தான். ஃபேக்டரியிலிருந்து ஒரு கட்டைவிரல் தூரம்கூட இல்லை. நடுவில் மலை என்று ஏதோ இருந்தது. அது வெளிர்பச்சை நிறத்தில், பரம சாதுவாகத் தெரிந்தது.

வெறும் வரைபடத்தை நம்பி ஏமாற அவனென்ன விவரம் தெரியாதவனா? டிசம்பர் மாதத்து வேலை நாள் ஒன்றில், விடிந்ததும் காரை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் போய்ப் பார்த்தான். வளைவுகளில் அவனையும் இரண்டு குரங்குகளையும் தவிர யாருமில்லை. மாலையிலும் அப்படியே. குரங்குகள்கூட வீட்டுக்குப் போயிருந்தன.

"ஊர்ல இருக்கவனெல்லாம் பாலத்தையே கட்டி அழறான்" என்று ஃபேக்டரியில் கூட வேலை செய்யும் சத்தியசீலனிடம் மார்தட்டினான். "மலையப் பத்தி எவனாவது யோசிச்சானா?"

"அங்க பொறந்தவனத் தவிர வேற யாரும் யோசிக்க மாட்டான் மச்சான்" என்றான் சத்தியசீலன்.

பொறாமை என்று தனபாலன் அதை ஒதுக்கித் தள்ளினான். தேறாத பேச்சு.

வீட்டை வாங்கினார்கள். முப்பது வருடக் கடனில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்த அன்று, "பாத்தியா, கடைசியில நான் பாத்து முடிவு பண்ண வேண்டியதாப் போச்சு" என்றான்.

"நீங்க இல்லாம எப்படிங்க" என்றாள் கோகிலா.

குடிபோன முதல் திங்கட்கிழமை, வருட விடுமுறை முடிந்து பள்ளிக்கூடங்கள் திறந்தன. டிசம்பரில் எங்கேயோ ஒளிந்திருந்த பள்ளி வேன்கள், காய்கறி லாரிகள், மண் லாரிகள் எல்லாம் மலைப்பாதைக்கு வந்து சேர்ந்தன. ஊசி வளைவு, முந்த முடியாது. முன்னால் ஒரு லாரி மூச்சு வாங்கி ஏறினால், பின்னால் வருகிற முப்பது வண்டிகளும் அதோடு சேர்ந்து மூச்சு வாங்க வேண்டியதுதான். தனபாலன் வீடு வந்து சேர்ந்தபோது கோகிலா விளக்கேற்றி, அது எரிந்து, மலையேறியும் போயிருந்தது.

"கொஞ்சம் இருட்டோடயே கெளம்பிப் பாருங்களேன்" என்றாள். "சீக்கிரம் போனா சீக்கிரம் விட்டுடுவாங்கல்ல?"

நல்ல யோசனை. மறுநாள் முதல் கோழி கூவுமுன் கிளம்பினான். வழியெல்லாம் காலி. ஃபேக்டரி கேட்டைத்தான் இன்னும் திறக்கவில்லை. காருக்குள்ளேயே சீட்டைச் சாய்த்துப் படுத்தான். ஒருநாள் யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். மேனேஜர் லிம் அம்மாள்.

"மிஸ்டர் தனா! தினமும் எல்லாருக்கும் முன்னால நீங்கதான் வர்றீங்கன்னு செக்யூரிட்டி சொன்னாரு. என்ன ஒரு ஈடுபாடு!"

அதற்குப் பரிசாக, விடிகாலை மிஷின் பரிசோதனையை அவனிடமே ஒப்படைத்தார். இத்தனை ஈடுபாடு உள்ளவர் மாலை மீட்டிங்கில் இல்லாவிட்டால் எப்படி? அதிலும் சேர்த்துக்கொண்டார். முன்பு காலையில் மட்டும் இருட்டாக இருந்தது. இப்போது இரண்டு முனையும் இருட்டு.

பிறகு டுரியான் பழுத்தது.

டிசம்பரில் மலைப்பாதை ஓரத்து டுரியான் மரங்களில் வெறும் இலைதான் இருந்தது. அவன் என்ன கண்டான்? ஜூனில் ஒவ்வொரு வளைவிலும் ஒரு கொட்டகை முளைத்தது. ஒவ்வொரு கொட்டகைக்கு முன்னாலும் கோலாலம்பூர், ஜொகூர், சிங்கப்பூர் வண்டிகள், ரோட்டை அடைத்துக்கொண்டு. குடும்பம் குடும்பமாகக் குந்தி உட்கார்ந்து, ரோட்டில் பாதியை இலவச ஹோட்டலாக்கி, விரலை நக்கிக்கொண்டிருந்தார்கள். தனபாலன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.

கொட்டகைக்கார மலாய்ப் பெரியவர் பாக் மாட் நிதானமாக வந்து ஜன்னலில் குனிந்தார். "சார், ஹாரன் அடிச்சாப் பழம் சீக்கிரம் விழாது."

"நான் வீட்டுக்குப் போகணுங்க! விளக்கு வைக்கிற நேரம்!"

"எப்ப வீடு வாங்கினீங்க?"

"டிசம்பர்ல."

பாக் மாட் அவனை, அழுகிய பழம் வாங்கிப்போகிறவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "டிசம்பர்ல இந்த ரோடு தூங்கும் சார். தூங்கறவன் மூஞ்சியப் பாத்துட்டு குணம் தங்கம்னு பொண்ணக் குடுப்பாங்களா?"

பரிதாபப்பட்டுப் பழம் ஒன்றைப் பின்சீட்டில் வைத்து அனுப்பினார். மறுநாள் காலையில் தனபாலனுக்கு முன்னால் அவன் சட்டையில் ஏறிய டுரியான் நெடி ஃபேக்டரிக்குள் போயிற்று. தூசுகூடப் புகாத அறை அவன் வேலை செய்கிற இடம். காவலாளி மூக்கைப் பிடித்துக்கொண்டே கையை நீட்டித் தடுத்தான். மதியம்வரை வெளியில் பெரிய மின்விசிறிக்கு முன்னால் நிறுத்திவைத்தார்கள். நின்ற நேரத்தையெல்லாம் சாயங்காலம் ஈடுகட்ட வேண்டியதாயிற்று.

"பாவங்க நீங்க" என்றாள் கோகிலா. "மோட்டார்சைக்கிள்னா சந்து பொந்துல பூந்து போயிடலாமே? செகண்ட் ஹேண்ட்ல ஒண்ணு வருதாம். கேட்டு வச்சிருக்கேன்."

கேட்டு மட்டுமல்ல, ஹெல்மெட்டும் மழைக்கோட்டும்கூட வாங்கி வைத்திருந்தாள். அளவு கச்சிதம். தனபாலன் ஹெல்மெட்டை மாட்டிக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டான். எத்தனை வீடுகளில் புருஷன் எப்படிப் போகிறான் என்று இவ்வளவு அக்கறைப்படுகிறார்கள்?

மோட்டார்சைக்கிள் நன்றாகவே போயிற்று, மழை வரும்வரை. மழை வந்த அன்று, மிதிபட்ட டுரியான் சுளை ஒன்றில் முன்சக்கரம் ஏற, தனபாலன் ஒரு வளைவை உட்கார்ந்தபடியே கடந்தான். வண்டி அவனுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தது.

முழங்காலில் கட்டோடு சோபாவில் கிடந்த அந்த நாலு நாளும் அவன் கண் ஓயவில்லை. பரிசோதகரே நாள் முழுக்க வீட்டில் உட்கார்ந்துகொண்டால் குறைகளுக்கா பஞ்சம்? "சோத்துக் கரண்டி குழம்புல என்ன பண்ணுது?" என்றான். "ஃபேன்ல தூசு" என்றான். "அவ எழுதற 'ழ'வப் பாரு, வாலே இல்ல" என்றான். லோஷினி அந்த நாலு நாளும் படிப்பதற்குக் கழிவறைக்குப் போய்விட்டாள்.

மூன்றாம் நாளே கோகிலா சொன்னாள்: "கம்பெனி பஸ்ஸு நம்ம சந்தைகிட்டயே வருதாங்க. காலை நீட்டிக்கிட்டே போகலாம். டாக்டர் சும்மா இருக்கக் கூடாதுன்னு சொன்னாருல்ல?"

டாக்டர் சும்மா இருக்கத்தான் சொன்னார். ஆனாலும் தனபாலன் போனான்.

கம்பெனி பஸ் பெரிய பஸ். மலை வளைவுகளில் திரும்பாது. அதனால் பாலிக் புலாவில் தனபாலனை ஏற்றிக்கொண்டு வடக்கே தெலுக் பஹாங் போயிற்று. அங்கிருந்து கடலோரமாகவே பத்து ஃபெரிங்கி, தஞ்சோங் பூங்கா, ஜார்ஜ் டவுன், ஜெலுத்தோங் என்று நின்று நின்று ஆள் ஏற்றிக்கொண்டு, கடைசியில் பயான் லெப்பாஸ். மலைக்கு இந்தப்பக்கம் இருக்கிற ஃபேக்டரிக்குப் போக, தினமும் தீவையே வலம் வந்தான். கோயிலைச் சுற்றியிருந்தாலாவது புண்ணியம் கிடைத்திருக்கும். காலையில் ஏறுகிற முதல் ஆள் அவன்தான். மாலையில் இறங்குகிற கடைசி ஆளும் அவன்தான். நடுவில் பக்கத்துச் சீட்டு வங்காளதேசப் பையன் தோளில் தூங்கினான். அந்தப் பையன் ஒருநாள் வராதபோது தனபாலனுக்குச் சொந்தக்காரனைக் காணாத ஏக்கமே வந்துவிட்டது.

"பேசாம இங்கேயே எங்கேயாவது ரூம் எடுத்துடு மச்சான்" என்றான் சத்தியசீலன். "சொந்த வீடு இருக்கறவன் நாலு நாளு வாடகை ரூம்ல இருந்தா என்ன குத்தமா?"

"சீ! நான் இல்லாம அங்க வீடு வீடா இருக்காது."

அக்டோபரில் பேய்மழை பெய்து, மலைப்பாதையின் ஒரு துண்டு கீழே போயிற்று. பாதையை மூடினார்கள். மலையை நம்பியிருந்த வண்டிகளும் கடலோரப் பாதைக்கு வர, பஸ் நகரவே இல்லை. ஒருநாள் தனபாலன் வீட்டு வாசலுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், காலை பஸ்ஸுக்குத் திரும்பி நடக்க வேண்டியிருந்தது.

ரூம் விஷயத்தைக் கோகிலாவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கி ஆரம்பித்தான். அழுதுவிடுவாளோ?

"ரோடு சரியாகற வரைக்கும்தான்..."

அவன் வாக்கியத்தை முடிக்குமுன் பெட்டி வந்துவிட்டது. இஸ்திரி போட்ட சட்டைகள், சோப்பு, எண்ணெய், முழங்காலுக்கு மருந்து. மடிப்பு கலையாமல், மூலைக்கு மூலை பொருத்தமாக அடுக்கியிருந்தாள். தனபாலன் பெட்டியைத் திறந்து நீண்ட நேரம் பார்த்தான். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் முதல்முறையாக, சொல்ல ஒரு குறையும் கிடைக்கவில்லை. அவனுக்குக் கண் கலங்கியது.

ரூம் ஃபேக்டரிக்குப் பின்னால்தான். மூன்று பேரோடு பங்கு. சனிக்கிழமை மட்டும் வீட்டுக்கு.

வீடு கெட்டுக்கொண்டிருந்தது. சனிக்கிழமைகளில் அவனுக்கு அது நன்றாகத் தெரிந்தது. கோகிலா ஒரு சுற்றுப் பெருத்திருந்தாள். சமையலறையில் அவளையறியாமல் ஏதோ பாட்டை முனகி, அவன் வருவதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். எங்கிருந்தோ ஒரு பூனை வந்து சோபாவில் குடியிருந்தது. லோஷினியின் எழுத்து இடதும் வலதுமாகச் சாய்ந்தது. அதற்கு டீச்சர் நட்சத்திரம் வேறு போட்டிருந்தார். வகுப்பில் முதலிடமாம். பள்ளிக்கூடங்களின் தரம் எங்கே போய்க்கொண்டிருக்கிறது பாருங்கள்.

ஞாயிறு மாலை கிளம்பும்போது இரண்டு பேரும் கேட் வரைக்கும் வந்து கையசைப்பார்கள். அதில் மட்டும் ஒரு நாளும் குறை வைத்ததில்லை.

மலைப்பாதையை மறுபடி திறந்த வாரம், ஒரு புதன்கிழமை சாயங்காலம் ஃபேக்டரியில் மின்சாரம் போயிற்று. எல்லோரையும் வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். தனபாலனுக்குப் பொறி தட்டியது. தன் கார் வீட்டில் நின்றதால், சத்தியசீலனின் காரை இரவல் வாங்கிக்கொண்டு மலையேறினான். டுரியானும் இல்லை, லாரியும் இல்லை. வளைவுகள் வழிவிட்டன. தெருமுனை திரும்பியபோது வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது.

விளக்கு வைக்கிற நேரத்துக்குள்! இந்த வீட்டை வாங்கிய நாளிலிருந்து, வேலைக்குப் போய்த் திரும்பியதில் இதுவே முதல்முறை.

காரை விட்டு இறங்கியபோது உள்ளிருந்து சிரிப்பு கேட்டது. லோஷினி சிரிப்பது அவனுக்குத் தெரியும்; ஆனால் இப்படிச் சிரிப்பாள் என்று தெரியாது. விக்கல் எடுத்து, மூச்சுத் திணறி, மறுபடி சிரித்தாள். கூடவே இன்னொரு சிரிப்பு. யாரோ விருந்தாளியாக்கும் என்று நினைத்தான். கொஞ்சம் கழித்துத்தான் அது கோகிலாவுடையது என்று புரிந்தது.

கேட்டைத் திறந்தான். கீல் கிறீச்சிட்டது.

சிரிப்பு, குழாயை மூடியதுபோல நின்றது.

லோஷினி வாசலுக்கு வந்து, கைகளைப் பக்கவாட்டில் ஒட்டிவைத்துக்கொண்டு நின்றாள்.

"அப்பா, இன்னிக்கு சனிக்கிழமையா?"

"புதன்தான்மா. அப்பா சீக்கிரம் வந்துட்டேன்!"

"ஓ" என்றாள் பிள்ளை. திரும்பி அம்மாவைப் பார்த்தாள். கோகிலா தரையில் கிடந்த தலையணைகளை வேகவேகமாக எடுத்துச் சோபாவில் ஒரே கோட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். பூனை மட்டும்தான் இருந்த இடத்தில் இருந்தது.

"சொல்லிட்டு வந்திருக்கலாமேங்க" என்றாள். "உங்களுக்குப் புடிச்சதா ஏதாவது செஞ்சிருப்பேன்."

மூன்று பேரும் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். கரண்டி சத்தம் மட்டும் கேட்டது. தனபாலன் வாயைத் திறக்கும்போதெல்லாம் லோஷினி தன் தட்டைப் பார்த்தாள், என்ன தப்பு என்று. உண்மையில் அவன் அன்றைக்குக் குறை சொல்ல வாய் திறக்கவில்லை. என்ன சிரித்தீர்கள் என்று கேட்கத்தான் நினைத்தான். எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. கடைசியில், "ரசத்துல உப்பு கொஞ்சம் கம்மி" என்றான்.

அன்று படுக்கையில் கிடந்து வெகுநேரம் யோசித்தான். நெஞ்சில் ஏதோ முள். அந்த முள்ளையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தான், பழக்கதோஷம். விடை கிடைத்தது. பாவம், என்னைப் பிரிந்து பிரிந்து இவர்களுக்கு என்னோடு பேசுகிற பழக்கமே விட்டுப்போயிருக்கிறது! எல்லாம் இந்த ரோட்டால் வந்த வினை. நட்டமானாலும் ஆகட்டும். இந்த வீட்டை விற்றுவிட்டு ஃபேக்டரி வாசலிலேயே ஒன்று வாங்கிவிட வேண்டும். முன்போல மதியத்துக்கும் வரலாம். மூன்று வேளையும் கூடவே இருக்கலாம்.

கோகிலாவிடம் சொல்லவில்லை. சாவியைக் கையில் கொடுக்கும்போது அவள் முகம் எப்படி மலரும் என்று பார்க்க ஆசை.

வெள்ளிக்கிழமை மதியம் பயான் பாருவில் ஒரு காப்பிக்கடையில் தரகர் சியாவைப் பிடித்தான். சியா மீ கோரேங் நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"இந்த விலைக்கு இப்ப வித்தா நட்டம் பாஸ். கை சுடும்."

"சுடட்டும். குடும்பம் முக்கியமா, காசு முக்கியமா?"

"குடும்பம்தான்" என்றார் சியா. "மிஸஸ்க்குத் தெரியுமா?"

"தெரியாது. அவளுக்கு இது சர்ப்ரைஸ். பாவம், அவ ஒண்ணும் கேட்கமாட்டா. எனக்காக அங்க தனியாக் கெடந்து கஷ்டப்படறா."

சியா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவனை ஒரு மாதிரிப் பார்த்தார். பார்வையை வெளியே திருப்பிக்கொண்டார்.

"ஃபேக்டரி பக்கம் விலை எட்டாதுன்னு எனக்கும் தெரியும் மிஸ்டர் சியா" என்றான் தனபாலன். "கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்ல, ஓவர்டைம் செஞ்சாவது கட்டிடுவேன். சின்ன வீடா இருந்தாலும் போதும்."

"எட்டாதுன்னு யாரு சொன்னாங்க?"

"கோகிலாதான். நீங்கதானே அவகிட்ட சொன்னீங்க?"

சியா வாயைத் துடைத்துக்கொண்டார். துடைத்த காகிதத்தைச் சுருட்டித் தட்டில் போட்டார்.

"உங்க ஃபேக்டரி கேட்டுக்கு எதிர்லயே, இதைவிடக் கம்மி விலைக்கு, நான் முதல் நாள் முதல் வீடா அதத்தான் காட்டினேன் பாஸ், உங்க மிஸஸ் ஜன்னலத் திறந்து பாத்துட்டு, 'ஐயோ, இங்கேருந்து அவரு நடந்தே வீட்டுக்கு வந்துடுவாரே, வேற காட்டுங்க'ன்னு சொல்லிட்டாங்க."